வாஷிங்டன் குமாஸ்தாக்களின் பழைய சிபாரிசுக் கடிதங்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பழைய காகிதம் விற்கும் இணையக் கடைகளில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. "அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதம், வாஷிங்டன்" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். காலம் பெரும்பாலும் 1850 முதல் 1890 வரை. ஒற்றைத் தாள், மிஞ்சிப்போனால் நடுவில் மடித்த இரட்டைத் தாள். கையெழுத்திட்டவர் வெளியே பெயர் தெரியாத ஆள் என்றால் சில பத்து டாலருக்குள் முடிந்துவிடும். அமைச்சரோ படைத் தளபதியோ என்றால் அதைவிடப் பல மடங்கு. லிங்கன் கைப்பட எழுதிய இரண்டு வரிச் சிபாரிசு என்றால் ஆயிரக்கணக்கில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விலை ஏறும் வரிசையில் இந்தக் கடிதங்களின் தரம் ஏறுவதில்லை. குமாஸ்தா என்ன வேலை பார்த்தார், ஏன் அந்த வேலையை விடுகிறார், எந்த வேலைக்குப் போக நினைக்கிறார் என்ற மூன்றும் உள்ள கடிதத்தை, கையெழுத்திட்டவர் யாராக இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். "நல்லவர், வல்லவர், தெரிந்தவர்" என்ற மூன்று வரியோடு கீழே ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து மட்டும் இருந்தால், அது கையெழுத்துச் சேகரிப்பாளருக்கான பொருள். வரலாறு படிக்க நினைப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

இத்தனை கடிதங்கள் ஏன் குவிந்தன என்று தெரிந்தால்தான் நல்லதைப் பொறுக்க முடியும். 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரான பிறகு, ஆட்சிக்கு வந்த கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலை தருவது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆட்சி மாறினால் குமாஸ்தாவின் நாற்காலியும் ஆடும். ஆகவே வேலையில் இருக்கும்போதே நாலு பெரிய மனிதரிடம் கடிதம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். 1853இல் வந்த சட்டம் வாஷிங்டன் குமாஸ்தாக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் சம்பளம் ஆண்டுக்கு 1,200, 1,400, 1,600, 1,800 டாலர் என்று நிலைத்தது. கடிதத்தில் "இரண்டாம் வகுப்பு" என்று இருந்தால் ஆண்டுக்கு 1,400 டாலர் வாங்கிய ஆள் என்று பொருள். விற்பவர் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்; வாங்குபவர் கவனிக்க வேண்டும்.

பிறகு 1881 ஜூலை 2 அன்று அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். சுட்ட சார்லஸ் கிட்டோ அரசுப் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவர். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். அந்த அதிர்ச்சியில்தான், அரசு வேலைக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கச் சொன்ன பென்டில்டன் சட்டம் பிறந்தது. 1883 ஜனவரி 16 அன்று அதிபர் செஸ்டர் ஆர்தர் அதில் கையெழுத்திட்டார். சேகரிப்பவருக்கு அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு முக்கியம். தேர்வு எழுதி வேலைக்கு வருபவருக்காக செனட்டரோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ தரும் சிபாரிசை, அது அவருடைய நடத்தையையும் வசிப்பிடத்தையும் பற்றியதாக இருந்தால் தவிர, யாரும் ஏற்கவோ கருத்தில் கொள்ளவோ கூடாது என்கிறது அது. 1883க்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுதிய பல கடிதங்கள் "இன்ன ஊர்க்காரர், ஒழுக்கமானவர்" என்பதோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டம் முதலில் அரசு வேலைகளில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டது. மற்ற இடங்களில் பழைய வழக்கம் தொடர்ந்தது. ஆனாலும் அரசியல்வாதியின் கடிதம் வேண்டுமென்றால் 1883க்கு முந்தையதைத் தேடுங்கள். அதற்குப் பிந்தையதில், கூடவே உட்கார்ந்து வேலை வாங்கிய பிரிவுத் தலைவர் எழுதியதுதான் ருசியானது.

நல்ல கடிதம் என்னென்ன சொல்லும்? எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், கணக்குப் புத்தகமா, நகல் எடுப்பா, கடிதப் பதிவேடா, கையெழுத்து தெளிவா, குடிப்பழக்கம் உண்டா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எத்தனை பேரைக் காப்பாற்ற வேண்டியவர். விலகும் காரணமும் இருக்கும். நிதி ஒதுக்கீடு குறைந்ததால் ஆள் குறைத்தார்கள், இவர்மேல் குற்றம் ஏதும் இல்லை என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கடிதம் இருமடங்கு மதிப்பு பெறுகிறது, ஏனென்றால் அந்த ஆண்டின் பட்ஜெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெண்களுக்கான கடிதங்களைத் தனியாகத் தேடச் சொல்வோம். 1862இல் கருவூலத்தில் ஃபிரான்சிஸ் ஸ்பின்னர் பெண்களை வேலைக்குச் சேர்த்தார். சம்பளம் ஆண்டுக்கு 600 டாலர், 1866இல் 900 ஆனது. ஆண்களின் முதல் வகுப்புச் சம்பளமே 1,200 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், போரில் கணவனையோ தகப்பனையோ இழந்த பெண்ணுக்காக எழுதிய ஒரு பக்கக் கடிதம் எவ்வளவு சொல்கிறது என்பது விளங்கும். சந்தையில் இவற்றுக்கு இன்னும் உரிய விலை வரவில்லை என்பது எங்கள் கருத்து.

கையெழுத்தின் மதிப்பு வேறு, சிபாரிசின் மதிப்பு வேறு என்பதற்கு இந்த வகையின் மிகப் புகழ்பெற்ற கடிதமே சாட்சி. 1862 டிசம்பரில் காயம்பட்ட தம்பியைத் தேடிப் போர்முனைக்குப் போன கவிஞர் வால்ட் விட்மன், வாஷிங்டனிலேயே தங்கி வேலை தேடினார். அவர் கேட்டுக்கொண்டபடி 1863 ஜனவரி 10 அன்று புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் இரண்டு கடிதம் எழுதினார்: ஒன்று வெளியுறவு அமைச்சர் சீவர்டுக்கு, மற்றொன்று நிதி அமைச்சர் சேஸுக்கு. சேஸுக்கு எழுதியதை அந்த ஆண்டுக் கடைசியில் எழுத்தாளர் டிரோபிரிட்ஜ் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். விட்மனின் கவிதைத் தொகுதிக்கு இருந்த கெட்ட பெயரைச் சொல்லி சேஸ் வேலை தர மறுத்தார். கடிதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. எமர்சனின் கையெழுத்தில் தன்னிடம் எதுவும் இல்லை, இதை வைத்துக்கொள்வேன் என்றார். சிபாரிசு தோற்றது, கையெழுத்து ஜெயித்தது.

விட்மனுக்கு வேலை கிடைத்தது 1865 ஜனவரியில், உள்துறையின் செவ்விந்தியர் விவகார அலுவலகத்தில், 1,200 டாலர் சம்பளத்தில். அதற்குக் காரணம் அலுவலகங்களுக்கு உள்ளேயே இருந்த நண்பர்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று அமைச்சர் ஹார்லன் அவரை நீக்கினார். உடனே அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர் அங்கே உதவிப் பதவியில் இருந்த ஆஷ்டன். இலக்கிய உலகின் மிகப் பெரிய பெயர் செய்ய முடியாததை வெளியே பெயர் தெரியாத ஓர் அதிகாரி செய்தார். கடிதம் வாங்கும்போது இது மனதில் இருக்கட்டும்: வேலை வாங்கித் தந்த கடிதங்கள் பெரும்பாலும் மலிவு விலைப் பெட்டியில்தான் கிடக்கின்றன.

நம்மூரில் இதே வகையின் உச்சம் 1912இல் இருக்கிறது. சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சிபாரிசு சில வரிதான். கணிதத்தில், அதிலும் எண்கள் தொடர்பான வேலையில், அசாதாரணத் திறன் உள்ள இளைஞர். கணக்கிடுவது இயல்பாக வருகிறது. எண்களோடு மிக வேகமாக வேலை செய்வார் என்கிறது அது. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவருக்குத் தேவையானது அந்தக் கடைசி வரி. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய்க்கு வேலை. எமர்சன் மனிதரைப் புகழ்ந்தார். மிடில்மாஸ்ட் அந்த வேலைக்கு என்ன வேண்டுமோ அதை எழுதினார். கடையில் பத்துக் கடிதம் முன்னால் இருந்தால் மிடில்மாஸ்ட் வகையை எடுங்கள்.

இனி பொருளைக் கையில் எடுப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது, கடிதத்தின் உடலும் கீழே உள்ள கையெழுத்தும் ஒரே கையா என்பது. மூன்று நிலை உண்டு. எழுதியவரே முழுதும் எழுதிக் கையெழுத்திட்டால் விலை அதிகம். குமாஸ்தா எழுத, அதிகாரி கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் நடுத்தரம். அலுவலகக் கடிதங்களில் இதுவே சகஜம், குறை ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. வேலை தேடுபவர் தன் சான்றுகளைத் தானே நகல் எடுத்து ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அனுப்புவார். அந்த நகலில் உடலும் கையெழுத்தும் ஒரே கையில் இருக்கும், ஆனால் அந்தக் கை அதிகாரியுடையது அல்ல. மேலே ஓரத்தில் "நகல்" என்று ஒரு சிறு சொல் இருக்கலாம். சில சமயம் அந்த ஓரமே கத்தரிக்கப்பட்டிருக்கும். தாளின் மேல் ஓரம் மட்டும் புத்தம்புதிதாக, நேராக வெட்டுண்டு தெரிந்தால் விலகிவிடுங்கள். நகல் என்று சொல்லியே விற்றால் பாதகமில்லை. உள்ளடக்கம் அதேதான், விலைதான் குறைய வேண்டும்.

மை அடுத்து. இந்தக் காலத்துக் கடிதங்களில் பெரும்பாலானவை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் பிசினும் சேர்ந்த மையில் எழுதியவை. எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, பல ஆண்டு கழித்துப் பழுப்பாகும். அமிலம் மிகுந்த மை தாளையே தின்னும்: பேனாவை அழுத்திக் கீழே இழுத்த தடித்த கோடுகளைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள், பழுப்பு ஊடுருவியிருக்கும், மோசமானால் எழுத்தே ஓட்டையாக விழும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இரும்புப் பேனாவின் தடம் தெளிவாகத் தெரியும். அழுத்திக் கீழே இழுக்கும்போது முனையின் இரண்டு பிளவும் விரிந்து, கோட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய கறுத்த வரி, நடுவே சற்று வெளிறிய நிறம். அச்சிட்ட பிரதியில் இந்த இரட்டை வரி இருக்காது. புள்ளிகளோ, ஓரம் முதல் ஓரம்வரை ஒரே சீரான கறுப்போ தெரியும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வையுங்கள். அதன் ஒளியில் மாசிக்காய் மை கன்னங்கரேலென்று தெரியும். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது சுமார் 1950க்குப் பிந்தைய தாள், விவாதமே தேவையில்லை.

எழுத்து லேசாகக் கசிந்து மங்கியிருந்தால் உடனே தண்ணீர் பட்டது என்று ஒதுக்க வேண்டாம். அலுவலகப் பிரதி எடுக்க, ஈரப்படுத்திய மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்துத் திருகு அழுத்தியில் நசுக்குவார்கள். அப்படி நசுங்கிய மூலம் பக்கம் முழுக்க ஒரே அளவில் கசிந்திருக்கும்; தண்ணீர் பட்டதென்றால் ஓர் ஓரத்தில் கறை வளையம் இருக்கும். ஊதா நிறப் பிரதி மை என்றால் வெளிச்சத்தில் வெகு சீக்கிரம் வெளுக்கும் என்பதால் விலை பேசலாம்.

தாளின் வயதைப் பார்த்த மாத்திரத்தில் தப்புக்கணக்குப் போடாதீர்கள். 1860கள் வரை தாள் கந்தைத் துணிக் கூழில் வந்தது, இன்றும் வெள்ளையாக வளைந்து கொடுக்கும். பிறகுதான் மரக்கூழ் நுழைந்தது. அது ஓரத்தில் பழுத்து ஒடியும். ஆகவே 1858 கடிதம் 1888 கடிதத்தைவிடப் புதிதாகத் தெரிவது இயல்பு. மாறாக 1850களின் தாள் முழுக்க ஒரே சீராகத் தேநீர் நிறத்தில் இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும். உண்மையான அழுக்கு மடிப்பின் வெளிப்பக்கத்தில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும்.

பின்பக்கத்தின் படம் இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது. மடித்த கடிதத்தின் வெளிப்பட்டையில் அலுவலகக் குறிப்பு இருக்கும்: விண்ணப்பித்தவர் பெயர், கேட்ட வேலை, சிபாரிசு செய்தவர், வந்த தேதி; சில சமயம் சிவப்பு மையில் ஒரு முடிவும். எங்களுக்கு முன்பக்கத்தைவிட இந்தக் குறிப்பே பெரிது. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கும் யாரோ படித்ததற்கும் அது சான்று. ஆனால் அதுவே ஒரு கேள்வியையும் எழுப்புகிறது: அரசுக் கோப்பில் இருந்த தாள் கடைக்கு எப்படி வந்தது? பயனற்ற காகிதங்களை அப்புறப்படுத்த 1889இல் சட்டம் வந்தது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 1934இல்தான் உருவானது. முறையாக வெளியே வந்தவை நிறைய உண்டு. திருடு போனவையும் உண்டு. அவற்றைக் காப்பகம் திரும்பக் கேட்கும். எந்தக் குடும்பத்திலிருந்து, எந்த ஏலத்திலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் கடிதம் வேண்டாம். யாருக்கென்று குறிப்பிடாமல் "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று எழுதி, குமாஸ்தாவிடமே கொடுக்கப்பட்ட கடிதத்தில் இந்தச் சிக்கல் கிடையாது.

உறையோடு வந்தால் தேதியை உறையே சரிபார்த்துக் கொடுக்கும். 1873 ஜூலை 1 முதல் 1884 வரை ஒவ்வொரு துறைக்கும் தனி நிறத் தபால்தலை இருந்தது: கருவூலத்துக்குப் பழுப்பு, உள்துறைக்குச் செந்தூரச் சிவப்பு, வெளியுறவுக்குப் பச்சை, நீதித்துறைக்கு ஊதா, தபால் துறைக்குக் கறுப்பு. தனிப்பட்ட உபயோகத்துக்கு 300 டாலர் அபராதம் என்று அச்சிட்ட உறைகள் 1877இல் தொடங்கின. 1875 தேதியிட்ட கடிதம் அபராத உறைக்குள் வந்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் பொறுக்கிச் சேர்த்தவை.

வாசிப்பதற்கு இரண்டு குறிப்பு. இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தை நீட்டி 'எஃப்' போல எழுதும் பழக்கம் முதியவர்களிடம் 1860களிலும் இருந்தது. "காங்கிரஸ்" என்பது "காங்கிரெஃப்ஸ்" போலத் தெரியும். தேதிக்குப் பின்னால் "இன்ஸ்ட்." என்றிருந்தால் இதே மாதம், "அல்ட்." என்றிருந்தால் போன மாதம். இதை மாற்றிப் படித்துத் தேதி தவறாகப் போட்ட விற்பனைக் குறிப்புகள் ஏராளம்.

பெயர் கிடைத்ததும் அமெரிக்க அரசின் அதிகாரப்பூர்வப் பணியாளர் பதிவேட்டைத் திறவுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிவந்த அந்தத் தொகுதிகளில் அலுவலகம், பதவி, பிறந்த இடம், எந்த மாநிலத்திலிருந்து நியமனம், சம்பளம் எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசம். கடிதத்துக்கு முந்தைய தொகுதியிலும் பிந்தைய தொகுதியிலும் பெயரைத் தேடினால், சிபாரிசு பலித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். இப்படித் தேடிப் பார்த்து விவரம் சேர்த்து விற்கும் கடைக்காரருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது தவறே இல்லை.

லிங்கன் பெயரில் மலிவாக ஏதும் வந்தால் தொடாதீர்கள். வேலை கேட்டு வந்தவர்களுக்கு அவர் சிறு சீட்டுகளில் எழுதிக் கொடுத்தது உண்மைதான். 1861 அக்டோபரில் ஒரு தாயின் இரண்டு மகன்களுக்கு வேலை தரச் சொல்லி மேஜர் ராம்சேக்கு எழுதியது பிரசித்தம். ஆனால் அந்தச் சின்ன அளவும் குறைந்த வார்த்தைகளும் போலி செய்பவர்களுக்கும் வசதி. ஜோசப் கோசி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லிங்கன் கையெழுத்தில் செய்தவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

விற்பனைச் சேவையில் பொதுவான குறை மூன்று. மடிப்பு கிழிந்த இடத்தில் ஒட்டிய செல்லோ டேப்பைப் படத்தில் காட்டாமல் விடுகிறார்கள். அதன் பசை மஞ்சளாக ஊறித் தாளோடு ஒன்றிவிடும், வீட்டில் உரிக்கப் போனால் எழுத்தும் வரும். செலவை மிச்சம் பிடிக்கக் கடிதத்தை மறுபடி மடித்துச் சிறு உறையில் அனுப்புகிறார்கள். மூன்றாவது, "அரிய ஆவணம்" என்று சொல்லி லேமினேட் செய்தே விற்பது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இரண்டு விறைப்பான அட்டைக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள், கண்காணிப்பு எண்ணோடு அனுப்புவேன் என்று ஒப்புக்கொள்பவரிடம் மட்டும் வாங்கலாம்.

சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரக்காற்றுதான் முதல் எதிரி. ஈரம் மாசிக்காய் மையின் அமிலத்தை மறுபடி கிளப்பும். கடிதத்தை விரித்து, அமிலமில்லாத தாளோடு பாலியெஸ்டர் உறையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிவிசி உறை கூடாது, பசபசப்பாகி மையைப் பிடுங்கும். இராமபாணப் பூச்சிக்காக நாப்தலீன் உருண்டையை உறைக்குள் போடாதீர்கள். சுவரில் மாட்ட ஆசையிருந்தால் ஸ்கேன் எடுத்து நல்ல தாளில் அச்சிட்டு மாட்டுங்கள்.

சென்னை மாகாண அலுவலகக் கடிதங்கள் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உள்நாட்டில் சேகரிக்கலாம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்க நண்பரோடு பண்டமாற்றாகக் கடிதம் மாற்றிக்கொள்ளும் திட்டம் இருந்தால், அதைத் தொடங்கும் முன்பே கைவிடுங்கள்.